திமில் இல்லாத பாடநூல்

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகில் சுற்றுவார்கள். லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தின் விளக்குகளைப் பார்ப்பார்கள். சேர்வராயன் கோயில் குகைக்குள் தலைகுனிந்து நுழைந்து வெளியே வருவார்கள். ஊருக்குள்ளேயே இருக்கும் பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் பக்கம் போகிறவர்கள் குறைவு. அந்தப் பழைய ஆலயத்தில்தான் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வாசல் திறந்தவர் அவர். நிலவியல் ஆய்வுத் துறையில் 1858 முதல் 1891 வரை பணியாற்றி, பின்னர் ஏற்காட்டைத் தம் ஊராக்கிக்கொண்டார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் இறந்தபோதும் அவருடைய எச்சம் இந்த மலைக்கே திரும்பி வந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அங்கே போனேன். என்னுடன் வந்தவர் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கூறியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். என் நண்பரின் தந்தை. எழுதினால் தம் பெயரைப் போடக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. ஆலயத்துக்குள் சற்று நேரம் அமைதியாக நின்றிருந்துவிட்டுச் சொன்னார்: "இவரைக் கல்லுக்காக எல்லாருக்கும் தெரியும் தம்பி. எனக்கு எலும்புக்காகத் தெரியும்."

அவர் சொன்னது மெய்தான். கோகாக் பகுதியில் கிடைத்த காண்டாமிருகப் புதைபடிவத்தை ஆராய்ந்து, தக்காணத்தின் பெயரால் 1874-ல் அதற்கு ஓர் இனப்பெயர் சூட்டியவர் ஃபூட். 1880-களில் கர்னூல் பகுதியின் பில்ல சுர்கம் குகைகளில் அவரும் அவர் மகன் ஹென்றியும் தோண்டியெடுத்த விலங்கெலும்புகள் ரிச்சர்டு லைடெக்கரின் ஆராய்ச்சிக்குப் போயின. தக்காணத்தின் சாம்பல் மேடுகள் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து இன்னும் முக்கியமானது. அவை புதிய கற்கால மக்கள் மாட்டுச் சாணத்தை எரித்ததால் உண்டானவை என்றார் ஃபூட். பலர் ஏற்கவில்லை. 1957-ல் எஃப். ஆர். ஆல்ச்சின் உட்னூரில் அகழ்ந்தபோது சாம்பல் அடுக்குகளுக்கிடையே மாட்டுக் குளம்புகளின் தடங்களே கிடைத்தன. அவை மாட்டுப் பட்டிகள் என்பது அதன்பின் உறுதியாயிற்று.

ஃபூட்டின் மாமனாருக்கும் இந்த மலையோடு உறவு உண்டு. அவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கில ஆக்கத்துடன் அச்சிட்டவர். 1855-ல் சென்னையில் தினவர்த்தமானி இதழைத் தொடங்கியவர். 1882-ல் அவர் மறைந்தது ஏற்காட்டில். மருமகன் கல்லையும் எலும்பையும் சேகரித்தார். மாமனார் சொல்லைச் சேகரித்தார். ஒரே குடும்பத்துக்குள் அடுத்தடுத்து நிகழ்ந்த இவ்விரு சேகரிப்புகளும், நம்முடைய கல்விக்கூடங்களில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. அந்த இடைவெளியில் ஒரு வாழ்நாளைக் கழித்த ஆசிரியர் ஒருவரின் துறையைப் பற்றியது இக்கட்டுரை.

*

கால்நடை மருத்துவக் கல்வி உலகுக்குக் குதிரைமேல் ஏறித்தான் வந்தது. 1761-ல் அரசாணை பெற்று மறு ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்த குளோத் பூர்ஜெலா, குதிரையேற்றப் பயிற்சிக்கூடம் நடத்தியவர். அப்பள்ளிக்கு அரசு ஆதரவளிக்க ஒரு பெரிய காரணம், ஐரோப்பாவின் மாடுகளை மந்தை மந்தையாக அழித்துக்கொண்டிருந்த கொள்ளைநோய். ஆனால் பூர்ஜெலா ஆழ்ந்து அறிந்திருந்த உடல் குதிரையின் உடல். அடுத்து பாரிஸ் அருகே அல்ஃபோரில் தொடங்கப்பட்ட பள்ளியில் உடற்கூறியல் கற்பித்த ஒனோரே ஃபிரகோனார், தோலுரித்து உலரவைத்துப் பதப்படுத்திய உடல்களை உருவாக்கினார். குதிரைமேல் அமர்ந்த மனிதன் ஒருவனின் உடல் அவற்றுள் பெயர் பெற்றது. இன்றும் அங்குள்ள காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் துறையின் தொடக்க கால மனநிலையை அதைவிடத் தெளிவாக எந்த நூலும் காட்டிவிட முடியாது. 1791-ல் இலண்டனிலும் 1823-ல் எடின்பரோவிலும் தோன்றிய பள்ளிகளின் மையமும் குதிரையே. படைக்கும் வண்டிக்கும் குதிரை வேண்டியிருந்த காலம் அது.

இந்தியாவுக்கு இக்கல்வி அந்த வழியாகவே வந்தது. 1882-ல் லாகூர், 1886-ல் பம்பாய், 1893-ல் கல்கத்தாவின் பெல்காச்சியா என்று கல்லூரிகள் எழுந்தன. சென்னை மாகாணத்தில் சைதாப்பேட்டை வேளாண் பள்ளியில் கால்நடை மருத்துவம் ஒரு பாடமாக இருந்துவந்தது. 1903 அக்டோபர் 1-ஆம் நாள், வேப்பேரியில் டாபின் ஹால் என்னும் கட்டடத்தில் இருபது மாணவர்களோடு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மறு ஆண்டு, 1904-ல், ஃபூட் தம் வாழ்நாள் சேகரிப்பை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விற்றார். வேப்பேரிக்கும் எழும்பூருக்கும் இடையே இருப்பது நடந்தே போய்விடக்கூடிய தொலைவு.

வேப்பேரியில் முதலாண்டு மாணவன் கையில் எடுத்த நூல்கள் எவை? ஷோவோவின் பிரெஞ்சு நூல் 1873 முதல் ஆங்கிலத்தில் கிடைத்தது. 1910-ல் செப்டிமஸ் சிசனின் நூல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பின்னர் கிராஸ்மன் திருத்திய பதிப்புகளும், 1975-ல் கெட்டி இரண்டு தொகுதிகளாக விரித்த பதிப்பும் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை ஆண்டன. மகத்தான நூல் அது. அதன் பழைய பதிப்புகளில் குதிரையே முன்மாதிரி. எலும்பானாலும் தசையானாலும் முதலில் குதிரைக்கு விரிவாகச் சொல்லப்படும். பிறகு மாடு குதிரையிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறது என்பது சுருக்கமாக வரும்.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். குதிரைக்குப் பதினெட்டு இணை விலா எலும்புகள், மாட்டுக்குப் பதின்மூன்று. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது; மாட்டுக்கு உண்டு. குதிரைக்கு ஒற்றை இரைப்பை, அதுவும் உடலளவுக்குச் சிறியது. மாட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை. மாட்டின் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. தடித்த ஈறு மட்டுமே. மாட்டின் இதயத்துக்குள் எலும்பு உண்டு. இதயத்திலிருந்து பெருந்தமனி புறப்படும் இடத்தைச் சூழ்ந்து அது அமைந்திருக்கிறது. பேராசிரியர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. "தமிழ் வாத்தியாருக்கு இது உவமைக்கு ஆகும்" என்று சிரித்தார்.

இவையெல்லாம் சிசனின் நூலில் இருப்பவைதாம். இல்லாமற்போனது வேறொன்று. அந்நூல் விவரித்த மாடு ஐரோப்பிய மாடு. அதற்குத் திமில் இல்லை.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு திடுக்கிடல் ஏற்படாமல் இராது. சங்கப் பாடல்களில் அது இமில். முல்லைக்கலியின் ஏறு தழுவும் காட்சிகளிலிருந்து அதை நீக்கிவிட்டால் தழுவுவதற்கே ஒன்றும் இராது. இன்றைய ஜல்லிக்கட்டிலும் வீரன் பற்ற வேண்டியது திமிலையே. உழவனுக்கோ அது நுகத்தடி பின்னுக்கு வழுக்காமல் நிற்கும் இடம். இந்நிலத்தின் வேளாண்மையும் வீரமும் பற்றிக்கொண்டிருந்த ஓர் உறுப்பு, அந்நிலத்து மாட்டைக் குணப்படுத்தப் படித்தவனின் தலைமை நூலில் இடம்பெறவில்லை. உடற்கூறியல் மொழியில் சொன்னால், நம் நாட்டு மாடுகளின் திமில் பெரும்பாலும் சாய்சதுரத் தசை எனப்படும் ஒரு தசை கொழுப்போடு சேர்ந்து மேலெழுந்து பெருத்ததுதான். எல்லா மாட்டுக்கும் உள்ள தசை அது. இங்கே மட்டும் எழுந்து நிற்கிறது. அதன் அடியிலுள்ள முதுகெலும்புக் கணுக்கள் சிலவற்றின் முள்நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். தோலும் தசையும் மட்கி மண்ணாகி ஈராயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும், இந்தப் பிளவைக் கொண்டு இது திமிலுள்ள மாடு என்று அகழாய்வாளர் சொல்லிவிட முடிகிறது.

மாற்றம் மெதுவாகவே வந்தது. 1964-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் டி. இராகவன், பி. கச்ரூ ஆகியோரின் நூலை வெளியிட்டது. அதன் தலைப்பே ஒரு செய்தியைச் சொல்கிறது. மாட்டின் உடற்கூறியல் முதலில். குதிரை, நாய், கோழி ஆகியவற்றுக்கு ஒப்பீட்டுக் குறிப்புகள். அதாவது வரிசை தலைகீழாக்கப்பட்டது. குதிரை குறிப்புப் பகுதிக்குப் போயிற்று. இதைப் புரட்சி என்று யாரும் எழுதவில்லை. ஆனால் ஒரு துறை தன் கண் முன்னே நிற்கும் உடலைத் தன் பாடத்தின் மையத்தில் நிறுத்த எவ்வளவு காலம் தேவைப்பட்டது என்பதை அந்த ஒரு தலைப்பிலிருந்து கணக்கிடலாம். வேப்பேரிக் கல்லூரி தொடங்கி அறுபத்தோரு ஆண்டுகள்.

*

உடற்கூறியல் ஆசிரியரின் வாழ்க்கை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாகவோ அலுப்பாகவோ தோன்றும். "கண்ணு எரியும். முதல் வாரம் பிள்ளைங்க சாப்பிட மாட்டாங்க. அப்புறம் பழகிடும்" என்றார். உடலைக் கழுத்துத் தமனி வழியாக இரத்தம் வடித்து, அதே வழியில் ஃபார்மலின் கலந்த நீரைச் செலுத்திப் பதப்படுத்த வேண்டும். 1890-களில் தான் ஃபார்மலின் இவ்வேலைக்கு வந்தது. அதன் பிறகே ஓர் உடலை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு, முன்னங்கால், கழுத்து, மார்பு, வயிறு என்று பகுதி பகுதியாக அறுத்து ஆராய முடிந்தது. எலும்புக்கூடு செய்வது தனிக் கலை. வாரக்கணக்கில் நீரில் ஊறவைத்துச் சதையை அழுகவிட வேண்டும், சலவைச் சோடாவில் கொதிக்கவிட்டுக் கொழுப்பை நீக்க வேண்டும், வெளுக்க வேண்டும், துளையிட்டுக் கம்பியால் கோக்க வேண்டும். வால் நுனியின் சிறு எலும்புகளைத் தவறவிட்டுவிட்டுத் தேடுவது எல்லா ஆண்டும் நடக்கும் கதை.

அவர் கற்பித்த ஆண்டுகளில் அவரைச் சுற்றி நிறுவனங்கள் மாறிக்கொண்டே இருந்தன. சென்னைக் கல்லூரி 1935-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பு நிலைக்கு உயர்ந்திருந்தது. 1976-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. 1985-ல், அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல்லில் இரண்டாவது கல்லூரி எழுந்தது. 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. கால்நடை அறிவியலுக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் பல்கலைக்கழகம் அது. அண்மை ஆண்டுகளில் சேலம் மாவட்டம் தலைவாசலிலும் ஒரு கல்லூரி வந்துவிட்டது. இவையனைத்திலும் மாணவன் நுழைந்ததும் முதலில் சந்திப்பவர்களுள் ஒருவர் உடற்கூறியல் ஆசிரியர். மருத்துவராகி வெளியேறும்போது பெரும்பாலும் மறந்துபோயிருப்பவரும் அவரே. எந்த விவசாயியும் தன் மாட்டை உடற்கூறியல் துறைக்கு ஓட்டிக்கொண்டு வருவதில்லை.

ஆராய்ச்சி என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மேச்சேரிச் செம்மறியின் குடற்சுவர் எத்தனை அடுக்கு, சேலம் கருப்பு ஆட்டின் கரு எந்த வாரத்தில் எந்த உறுப்பைக் கொள்கிறது, எருமையின் கண்ணீர்ச் சுரப்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற வகையான கேள்விகள். நுண்ணோக்கியின் கீழ் மெழுகில் பதித்து மெல்லச் சீவிய திசுக்கள். டி. மாரியப்பா 1986-ல் வெளியிட்ட இந்திய யானையின் உடற்கூறியல் நூல் போன்ற பெருமுயற்சிகளும் உண்டு. பெரும்பாலானவை சிறு கட்டுரைகள். ஒரு செங்கல், இன்னொரு செங்கல். குதிரைக்கு ஐரோப்பா இருநூறு ஆண்டுகளில் கட்டிய வீட்டை நம்முடைய ஆட்டுக்கும் எருமைக்கும் கட்டும் வேலை.

இந்த வேலையின் பயன் எங்கே தெரியும்? இரண்டு இடங்களில் தெரியும் என்றார். ஒன்று அறுவை மேசையில். மாட்டின் இரைப்பையில் இரண்டாவது அறை, உதரவிதானம் என்ற மெல்லிய தடுப்புக்கு இப்புறம், இதயத்தை ஒட்டி இருக்கிறது. தீவனத்தோடு ஆணியையோ வேலிக் கம்பியையோ மாடு விழுங்கிவிட்டால் அது இந்த அறையில் தங்கும். அறை சுருங்கும்போது தடுப்பைத் துளைத்து இதயத்தைக் குத்தும். இடையிலுள்ள தொலைவு சில விரற்கடைதான். அதை அறிந்த மருத்துவன் வயிற்றில் திறந்து மார்பு நோயைத் தடுப்பான்.

இன்னொன்று மண்ணுக்கடியில். கீழடியில் கிடைத்த எழுபது எலும்பு மாதிரிகள் புனே தக்காணக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் முதலியவை அவற்றில் அடையாளம் காணப்பட்டதை 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை வெளியிட்டது. சங்க காலத்தில் கால்நடை வளர்ப்பு இருந்தது என்பதற்கு நாம் பாட்டைச் சான்று காட்டிக்கொண்டிருந்தோம். இப்போது எலும்பும் சான்று சொல்கிறது. ஓர் உடைந்த எலும்பைக் கையில் எடுத்து இது செம்மறியா வெள்ளாடா என்று பிரித்துச் சொல்ல, யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஈரமான கூடத்தில் பல ஆடுகளின் எலும்புகளை அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

*

ஆலயத்திலிருந்து இறங்கி ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இரண்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு போனார். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, கேரளத்தாரைக் குறிப்பதன்று. பேராசிரியர் எழுந்து போய் ஒரு மாட்டின் உதட்டை விலக்கிப் பார்த்தார். "நாலு பல்லு" என்றார். "ஆமாங்க, நாலு பல்லு" என்றார் பெரியவர். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். கீழ்த்தாடையில் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இணை இணையாக முளைப்பதை வைத்து வயதைக் கணிக்கும் முறை இது. இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைப்பல் என்று மாட்டுச் சந்தைகளில் வழங்கும் கணக்கு, பாடநூலின் அட்டவணையோடு ஏறத்தாழப் பொருந்துகிறது.

வயிறு உப்பிச் சாகக் கிடக்கும் மாட்டை, இடப்பக்கம் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள குழிவில் குத்திக் காற்றை வெளியேற்றுவது ஊர் வைத்தியர்கள் அறிந்த வேலை. முதல் இரைப்பை வயிற்றின் இடப்பாதியை முழுவதும் அடைத்துக்கொண்டிருப்பது உடற்கூறியலின் முதல் பாடங்களுள் ஒன்று. வலப்பக்கம் குத்துகிற ஊர் வைத்தியன் எவனும் இல்லை. நோய்ப் பெயர்களிலும் இந்த அறிவு உறைந்திருக்கிறது. தொடைச் சப்பையில் வீங்குவது சப்பை நோய். தொண்டையை வீங்கவைத்து மூச்சடைப்பது தொண்டை அடைப்பான். மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல்லைக் கோரோசனை என்று பெயரிட்டுக் குழந்தை மருந்தில் உரைத்துக் கொடுத்தவர்கள், பித்தப்பை இருக்கும் இடத்தை அறியாதவர்களா? குதிரையிடம் அது கிடைக்காது என்பதையும் அறிந்திருப்பார்கள்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் அந்தச் சம்பவத்தைச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தட்டில் இருந்த ஓர் உறுப்பைக் காட்டி என்ன என்று கேட்கிறார். நீண்டு, தட்டையாய், கருஞ்சிவப்பாய் இருப்பது. கிராமத்திலிருந்து வந்த மாணவன் பதற்றத்தில் ஆங்கிலப் பெயரை மறந்துவிட்டான். "சுவரொட்டி சார்" என்று சொல்லிவிட்டான். தேர்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். கசாப்புக் கடைக்கு வந்திருக்கிறாயா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் இல்லை.

"அவன் சொன்னது மண்ணீரல். அது சரி. அதோட விடல தம்பி, அந்தச் சொல்லை யோசிச்சுப் பாருங்க. மாட்டோட மண்ணீரல் எங்க இருக்கு? இடப்பக்கம், முதல் இரைப்பையோட சுவரையும் உதரவிதானத்தையும் ஒட்டிக்கிட்டு இருக்கு. மேல்பாதி நிஜமாவே ஒட்டியிருக்கு. கத்தியால பிரிச்சுத்தான் எடுக்கணும். ஆங்கிலப் பேருக்கு அந்த விவரம் கிடையாது. நம்ம சொல்லுல இருப்பிடமே இருக்கு. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கல."

அந்தச் சொல் உண்டான காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் அவர் அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினார். கறிக்கடைக்காரர்களிடமும் மாட்டுத் தரகர்களிடமும் இலாடம் அடிப்பவர்களிடமும் கேட்டு எழுதத் தொடங்கினார். திமில், அலைதாடி, மடி, காம்பு, குளம்பு போல எல்லோரும் அறிந்தவை சில. சுவரொட்டி, நெஞ்சாங்குலை, போட்டி போலக் கறிக்கடையோடு நின்றுவிட்டவை பல. ஊருக்கு ஊர் மாறுபடுபவை இன்னும் பல. இதை ஒரு கட்டுரையின் பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்பியபோது, பின்னிணைப்பை நீக்கிவிட்டால் வெளியிடலாம் என்று பதில் வந்ததாம். நீக்கிவிட்டார். பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவைப்பட்டது.

*

உடலைத் தமிழில் சொல்ல முடியாது என்ற எண்ணம் அடிப்படையற்றது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860-களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மனித உடற்கூறியலை 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-ல் தமிழில் வெளியிட்டார். பெர்சிவல் அகராதி செய்ததும் பழமொழி தொகுத்ததும் இதே தலைமுறையில்தான். மனித உடலுக்கு அன்றே ஒரு தமிழ் நூல் இருந்தது. அதற்கு முப்பத்தோரு ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரியில் கற்பிக்கும் மொழி ஆங்கிலமாயிற்று. இன்றுவரை கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

நான் ஆங்கிலத்தை அகற்றச் சொல்லவில்லை. உலகெங்குமுள்ள அறிஞர்கள் ஒரே பெயரால் பேசுவதற்கு ஒரு பொதுப் பெயர்த்தொகுதி வேண்டும். 1957-ல் உலகக் கால்நடை உடற்கூறியலாளர் சங்கம் உருவானதும், 1968-ல் விலங்குடலின் இலத்தீன் பெயர்களைத் தரப்படுத்திய முதல் பதிப்பு வந்ததும் அதற்காகத்தான். ஆனால் அந்த இலத்தீன் பெயர்கள் வானத்திலிருந்து விழுந்தவையா? இரைப்பையின் இரண்டாம் அறைக்கு இட்ட பெயருக்குச் சிறு வலை என்று பொருள். மூன்றாம் அறையின் மடிப்புகளைப் பார்த்துத் துதிப்பாடல் புத்தகம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. இடுப்பெலும்பின் கிண்ணக்குழிக்கு இட்ட பெயர் காடி ஊற்றும் சிறு கிண்ணத்தைக் குறிக்கும். கணைக்காலின் எலும்புக்குப் புல்லாங்குழல் என்று பெயர். ரோமானியனின் அடுக்களையும் கடைத்தெருவும்தான் அறிவியலின் பெயர்ப்பட்டியலாகியிருக்கின்றன. அங்கே காடிக் கிண்ணம் கௌரவமான சொல். இங்கே சுவரொட்டி சிரிப்புக்குரிய சொல். மொழியில் தாழ்வு இல்லை. யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் தாழ்வு கற்பிக்கப்பட்டது. கறிக்கடைக்காரரின் சொல் என்பதால் அது அறிவாகக் கருதப்படவில்லை. இதில் சாதியின் பங்கையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. செத்த மாட்டை அறுத்து, உள்ளுறுப்புகளைக் கையால் அறிந்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியபோது, அவர்களுடைய சொற்களையும் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

தமிழாசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. தொல்காப்பிய மரபியலில் விலங்குகளின் இளமைப் பெயர்களை ஒப்பிக்கச் செய்து மதிப்பெண் போடுகிறோம். கன்று எதற்கு, மறி எதற்கு, குருளை எதற்கு என்று மாணவர்களிடம் கேட்கிறோம். அந்த இலக்கணம் ஒரு காலத்தில் ஆயர்களிடமும் குறவர்களிடமும் கேட்டு எழுதப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றுவதில்லை. அதே வேலையை இன்று ஒருவர் செய்தால் அது எந்தத் துறையிலும் அடங்குவதில்லை. கால்நடைத் துறைக்கு அது தமிழ். தமிழ்த் துறைக்கு அது மாடு.

*

மாலையில் காப்பித் தோட்டங்களுக்கு இடையிலான சாலையில் வந்துகொண்டிருந்தோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. வளைவு ஒன்றில் வண்டி நின்றது. சரிவில் காட்டெருமை ஒன்று நின்று எங்களைப் பார்த்தது. கரிய உடம்பு, வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற கால்கள், முதுகில் பாதிவரை நீண்டு சட்டென்று இறங்கும் ஒரு மேடு.

"அதுக்கும் திமில் இருக்கே ஐயா" என்றேன்.

"அது திமில் இல்ல தம்பி. காலையில பார்த்த எருதுக்கு இருந்தது தசை. இதுக்கு முதுகெலும்போட முள்ளுங்களே உயரமா வளர்ந்திருக்கு. அது எலும்பு. பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும். உள்ளே வேற." சற்று நேரம் கழித்து, "அதைச் சொல்ல மலையாளிங்ககிட்ட ஒரு தனிச் சொல் இருக்குமா, தெரியல. கேட்கணும்" என்றார்.

அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. விலங்கு அசையாமல் நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கேட்க வேண்டியதை மறந்துவிடாமலிருக்க, பயணச்சீட்டின் பின்புறத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பக்கங்களின் ஓரம் பழுத்திருக்கிறது. சில இடங்களில் ஃபார்மலின் பட்ட மை கரைந்திருக்கிறது. சொல், கேட்ட ஊர், சொன்னவரின் தொழில், உறுப்பின் இடம், அதற்குரிய இலத்தீன் பெயர் என்று ஐந்து பத்திகளாக எழுதியிருக்கிறார். கல்லூரி முடிந்து வந்த பிறகு இரவில் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் பத்தியில் நான் தடுமாறும்போது அவரைத் தொலைபேசியில் அழைக்கிறேன். முதல் பத்தியில் அவர் எழுத்துப்பிழை விட்டிருந்தால் அவர் என்னைக் கேட்கிறார்.